ஆட்டத்துக்கு நடுவே ஒரு கேள்வி

மனச்சிதைவு நோயிலிருந்து தேறிவரும் ஒருவருக்கு எந்த விளையாட்டுச் செயலியை இறக்கிக் கொடுத்தால் மூளைக்கு நல்லது என்று கேட்பவர்கள் அண்மைக் காலமாகப் பெருகிவிட்டார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் பெற்றோர். சிலர் என்னைப் போல் உடன்பிறந்தவர்கள். என் தம்பிக்குக் கல்லூரிப் பருவத்தில் இந்நோய் தொடங்கியது. நான் மருத்துவரும் அல்லேன், உளவியலாளரும் அல்லேன். மறுவாழ்வு மையத்தில் அவனுடைய அறிதிறன் பயிற்சி, அதாவது நினைவு, கவனம் போன்ற திறன்களுக்கான பயிற்சி, நடக்கும்போது வீட்டார் ஒருவர் உடன் இருக்கலாம் என்று சொன்னதால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள். பார்த்தது விளங்கவேண்டும் என்பதற்காக ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தவள். அந்த அளவில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: விளையாட்டு உதவுகிறது. ஆனால், அதை நடுவில் நிறுத்திவிட்டு ஒருவர் கேட்கும் கேள்வியும், ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சும் இல்லையென்றால் அந்த உதவி பெரும்பாலும் ஆட்டத்தின் எல்லையைத் தாண்டி வருவதில்லை.

மனச்சிதைவு என்றதும் வெளியாருக்கு நினைவுக்கு வருவது காதில் கேட்கும் குரல்களும் காரணமற்ற சந்தேகங்களும்தான். கூடவே வாழ்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மருந்து வேலை செய்து, குரல்கள் அடங்கி, சந்தேகம் தணிந்து, "இப்போது நன்றாக இருக்கிறான்" என்று எல்லாரும் சொல்லத் தொடங்கிய பிறகும் ஏதோ ஒன்று திரும்பி வராமலே இருக்கும். ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதன் முதல் வரி மறந்துபோயிருக்கும். ஒருவரோடு பேச முடியும். இன்னும் இருவர் வந்து சேர்ந்தால் பேச்சு எங்கே போகிறது என்று பிடிபடாது. அடுப்பில் ஒன்றை ஏற்றிவிட்டுக் கதவைத் திறக்கப் போனால் அடுப்பு நினைவில் இருக்காது. மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான் என்று உறவினர்கள் சலித்துக்கொள்வதும், அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பதும் இதைப் பார்த்துத்தான்.

மருத்துவம் இதை அறியாமல் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை விரிவாக வகைப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின், அறிவுத்திறன் குறைவதையே இதன் மைய அடையாளமாகக் கண்டார். ஆனால் 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து பாரிசில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, குரல்களும் கொந்தளிப்பும் அடங்குவதை மருத்துவர்கள் கண்டபின், சிகிச்சையின் கவனம் முழுவதும் அந்தப் பக்கமே சென்றது. அது இயல்புதான், அடக்க முடிந்ததை முதலில் அடக்கினார்கள். அன்று முதல் இன்றுவரை வந்த மருந்துகள் எவையும் நினைவாற்றலையோ கவனத்தையோ சொல்லிக்கொள்ளும்படி மீட்டுத் தரவில்லை. 1996இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி வெளியுலகில் எவ்வளவு தாமாக இயங்குகிறார், புதிய திறன்களை எவ்வளவு கற்றுக்கொள்கிறார் என்பதோடு அதிகம் பிணைந்திருப்பது குரல்களின் கடுமை அல்ல, நினைவும் கவனமும் போன்ற திறன்களே என்று அதில் காட்டினார். அதன்பின் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 'மேட்ரிக்ஸ்' என்ற திட்டத்தின் வழியே எந்தெந்தத் திறன்களை அளக்கவேண்டும் என்று வரையறுத்தது: எண்ண ஓட்டத்தின் வேகம், கவனம், செயல்நினைவு (ஒன்றைச் செய்து முடிக்கும்வரை தேவையானதை மனத்தில் பிடித்துவைத்தல்), சொற்களைக் கற்று நினைவில் வைத்தல், கண்ணால் கண்டதை நினைவில் வைத்தல், காரணம் தேடிச் சிக்கலைத் தீர்த்தல், பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளுதல் என ஏழு. என் தம்பியின் அறிக்கைத் தாளிலும் இந்த ஏழும்தான் ஏழு வரிகளாக இருந்தன. எல்லாம் ஒரே அளவில் குறைந்திருக்கவில்லை என்பதே அதில் எங்களுக்குக் கிடைத்த முதல் செய்தி. கண்ணால் கண்டதை நினைவில் வைப்பதில் அவன் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருந்தான். சொல்லிக் கேட்டதை நினைவில் வைப்பதில்தான் பெரிதும் பின்தங்கியிருந்தான். வாயால் மூன்று வேலை சொல்வதை விட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். இந்தத் துறையின் சங்கடத்தை ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டிவிடும். 2009இல் அமெரிக்காவில் சோபியா வினோகிராடோவ் குழுவினர் நோய் கட்டுக்குள் இருந்த 55 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கணினி வழியே 50 மணி நேரம் செவிப்புலன் பயிற்சி கொடுத்தார்கள். ஒலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வது, நெருங்கி ஒலிக்கும் இரண்டு அசைகளைப் பிரித்தறிவது, கேட்ட கட்டளையை வரிசை மாறாமல் செய்வது போன்றவை அதில் அடங்கும். ஆள் தேறத் தேறப் பயிற்சியும் தானாகக் கடினமாகும், தடுமாறினால் இளகும். இந்தப் பிரிவினருக்குச் சொல் நினைவு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அதே 50 மணி நேரமும் கொடுக்கப்பட்டவை சாதாரணக் கணினி விளையாட்டுகள். அதாவது, அந்த ஆய்வில் விளையாட்டு மருந்தாக இல்லை. மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வெற்று மாத்திரையின் இடத்தில் இருந்தது.

அதே 2009இல் பிரான்சில் ஒரு குழுவினர் 26 நோயாளிகளைக் கொண்டு செய்த சிறிய ஆய்வில் சதுரங்கமே சிகிச்சை. வழக்கமான மருத்துவத்தோடு ஐந்து வாரங்களில் 10 மணி நேரம் சதுரங்கம் ஆடியவர்கள் இரண்டு சோதனைகளில் முன்னேறினார்கள். ஒன்று, கம்பங்களில் கோத்த வண்ண மணிகளைக் குறைந்த நகர்த்தல்களில் குறித்த வரிசைக்குக் கொண்டுவரும் சோதனை. திட்டமிடும் திறனை இது அளக்கும். மற்றது, நீல மையில் எழுதப்பட்ட 'சிவப்பு' என்ற சொல்லைக் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது; முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்கும் திறனை இது அளக்கும். 26 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதால் இதை வைத்து யாருக்கும் சதுரங்கத்தைப் பரிந்துரைத்துவிட முடியாது. இருந்தாலும், இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டு என்பது ஒரே பொருள் அல்ல. விரல் வேகத்தால் மட்டுமே வெல்லக்கூடிய ஆட்டமும், நகர்த்துவதற்கு முன் மூன்று படி யோசிக்கவேண்டிய ஆட்டமும், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆடவேண்டிய ஆட்டமும் மூளையிடம் கேட்பவை வெவ்வேறு.

எந்தப் பயிற்சியானாலும் அதன் பலன் பயிற்சிக்கு வெளியே போகிறதா என்பதே இதில் பெரிய கேள்வி. ஒரு ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த ஆட்டத்தில் தேர்ச்சி வரும். அதை ஒத்த வேறோர் ஆட்டத்திலும் ஓரளவு வரலாம். ஆனால் மருந்துச் சீட்டைப் படித்து மாத்திரையைப் பிரித்து வைப்பதில் வருமா? மூளைப் பயிற்சி என்று சொல்லி விற்கப்படும் செயலிகளைப் பற்றி ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2010இல் 11,430 பேரைக் கொண்டு ஆறு வாரம் நடத்திய ஆய்வின் விடை கறாரானது: பழகிய ஆட்டங்களில் எல்லாரும் முன்னேறினார்கள், பழகாத சோதனைகளில், அவை ஒத்தவையாகவே இருந்தபோதும், முன்னேற்றம் தென்படவில்லை. அவர்கள் நோயற்றவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு பெரிய மூளைப் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்குத் தொடுத்து, 20 லட்சம் டாலர் கட்டச் செய்ததும் இதே கேள்வியின்மேல்தான். மனச்சிதைவுக்காகத் தனியே செய்யப்பட்ட செயலி என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடமும் நான் கேட்பது இதையே: உங்கள் ஆட்டத்தில் மதிப்பெண் ஏறியது சரி, வேறு எது ஏறியது?

மனச்சிதைவைப் பொறுத்தவரை இதற்கு விடை உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டில் வைக்ஸ் தம் குழுவினரோடு 2011இல் 40 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 2,104 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார். அறிதிறனில் கிடைத்த பலனின் அளவு 0.45, ஆய்வாளர்கள் மொழியில் இது சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கும். குரல்கள் போன்ற அறிகுறிகளில் கிடைத்த பலன் மிகக் குறைவு, அதுவும் நிலைக்கவில்லை. 2021இல் அன்டோனியோ வீட்டா குழுவினர் 130 ஆய்வுகளையும் 8,851 பேரையும் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது அறிதிறனில் 0.29, அன்றாட இயக்கத்தில் 0.22 என்று வந்தது. எண் இறங்கியிருக்கிறது. ஆய்வுகள் பெருகும்போது ஆரவாரம் அடங்குவது எந்தத் துறையிலும் நடப்பதுதான். ஆனால் பூச்சியத்துக்கு இறங்கவில்லை என்பதும், படிப்பு குறைந்தவர்களும் அறிகுறிகள் கடுமையாக இருப்பவர்களும் அதிகப் பலன் பெற்றார்கள் என்று அதில் தெரியவந்ததும் முக்கியமானவை. "இவனுக்கு இதெல்லாம் ஏறாது" என்று யாரை ஒதுக்குகிறோமோ அவருக்கே இது கூடுதலாக உதவக்கூடும்.

எப்போது பலன் கூடுகிறது என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து ஈடுபட்டு நடத்தவேண்டும். எப்படிச் செய்வது என்ற உத்திகளை முறையாகக் கற்றுத் தரவேண்டும். வேலை, வீட்டுப் பொறுப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றுக்கான மறுவாழ்வுப் பயிற்சியோடு இதை இணைக்கவேண்டும். திரையின் முன் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டால் பெரும்பாலும் மிஞ்சுவது அந்த ஆட்டத்தின் மதிப்பெண் மட்டுமே.

நான் பார்த்த ஒரு வகுப்பை இங்கே சொல்லவேண்டும். சீட்டுகளில் வட்டம், சதுரம், நட்சத்திரம் எனச் சில வடிவங்கள். ஒவ்வொன்றிலும் வேறு நிறம், வேறு எண்ணிக்கை. கையில் இருக்கும் சீட்டை மேசைமேல் உள்ள நான்கு கட்டுகளில் ஏதோ ஒன்றின்மேல் வைக்கவேண்டும். நிறப்படியா, வடிவப்படியா, எண்ணிக்கைப்படியா என்று சொல்லமாட்டார்கள்; வைத்தபின் சரி, தவறு என்று மட்டும் சொல்வார்கள். தம்பி நிறப்படி என்று விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டான். சிறிது நேரம் கழித்து, அறிவிக்காமலே விதியை மாற்றினார்கள். அவன் நிறப்படியே வைத்தான். தவறு. மறுபடியும் நிறப்படி. தவறு. முகம் இறுகியது, வைக்கும் வேகம் கூடியதே தவிர, வைக்கும் இடம் மாறவில்லை. எனக்கு எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. பயிற்சியாளர் இளம்பெண், அவர் தம் உள்ளங்கையைச் சீட்டுக்கட்டின்மேல் வைத்து ஆட்டத்தை நிறுத்தினார்.

"இந்தச் சீட்டை ஏன் இங்கே வைத்தீர்கள்?"

நெடுநேரம் பதில் இல்லை. அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. கடைசியில் தம்பி சொன்னான்: "முன்பு இது சரியாக இருந்தது."

"இப்போது?"

"இப்போது இல்லை."

"அப்படியானால் நாம் வேறு என்ன பார்க்கலாம்?"

அவன் சீட்டைக் கையில் எடுத்து, "நிறம் பார்த்தேன். நிறம் இல்லை. எண்ணிக்கை பார்க்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தான். தவறு. "எண்ணிக்கை இல்லை. வடிவம்." சரி. அன்று முழுவதும் ஒவ்வொரு சீட்டுக்கும் இப்படி உரக்கச் சொல்லவைத்தார்கள். அடுத்தடுத்த வகுப்புகளில் அது முணுமுணுப்பாகி, பிறகு உதடு மட்டும் அசைந்து, பிறகு அதுவும் நின்றது. முறையே அதுதான் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்: வெளியே சொன்னதைப் படிப்படியாக உள்ளே சொல்லிக்கொள்ளப் பழக்குவது. வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் சீட்டே கிடையாது. "இந்த வாரம் எந்த இடத்தில் ஒரே வழியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். பூட்டு திறக்காதபோது அதே சாவியையே பலமுறை திருகியதைத் தம்பி சொன்னான். அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளவேண்டிய வாக்கியத்தை அவனையே உருவாக்கச் செய்தார்: "இது இல்லை, வேறு என்ன இருக்கிறது?" ஆட்டத்திலிருந்து வீட்டுக்குப் பாலம் போடுவது என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். எந்தச் செயலியிலும் இந்தக் கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வகுப்பில் கவனித்த இன்னொன்று, தொடக்கத்தில் எல்லாமே மிக எளிதாக இருந்தது. தம்பிக்கே அது ஏளனமாகப்பட்டது. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. நினைவாற்றல் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றைக் கற்கும்போது செய்யும் தவறுகளை, 'இது தவறு' என்ற குறிப்போடு நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல், தவறையே பழகிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் தவறு நேர இடமே கொடுக்காமல் தொடங்கி, மெல்ல மெல்லக் கடினமாக்கும் முறை மூளைக்காயம் பட்டவர்களின் சிகிச்சையிலிருந்து இங்கே வந்தது. தோற்றுத் தோற்றுத்தான் கற்கவேண்டும் என்று நம்பும் அப்பாக்களுக்கு இதைப் புரியவைப்பது கொஞ்சம் கடினம். எங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

பயிற்சிதான் முக்கியம் என்றால் அதை விளையாட்டாக ஏன் கொடுக்கவேண்டும், தாளில் கணக்காகக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் விளையாட்டின் உண்மையான பலம் இருக்கிறது. இந்நோயில் எதிர்மறை அறிகுறிகள் என்று சொல்லப்படுபவற்றில், அதாவது இயல்பாக இருக்கவேண்டியவை குறைந்துபோவதில், ஊக்கமின்மை முதன்மையானது. எதிலும் மகிழ்ச்சியே இல்லாதவர்கள் என்று இவர்களைப் பற்றி முன்பு எண்ணினார்கள். அண்மைக்கால ஆய்வுகள் காட்டுவது வேறு: ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி இவர்களுக்கும் பெருமளவு இருக்கிறது, அது கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக் கிளம்புவதுதான் கடினமாகிறது. தம்பியைப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். வகுப்புக்குக் கிளப்புவதற்குள் வீடே களைத்துவிடும். போய் உட்கார்ந்தபின் நேரம் முடிந்தது என்றாலும் எழுந்து வரமாட்டான். விளையாட்டு, செய்யும் கணத்திலேயே பலன் தருவது, காத்திருக்கச் சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் அலீஸ் மெடாலியா உருவாக்கிய முறை இந்த அடிப்படையில் அமைந்ததுதான். ஆய்வகச் சோதனைகளைப் போன்ற பயிற்சிகளை விட்டுவிட்டு, கதையும் சூழலும் உள்ள கல்வி விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, எதை ஆடுவது, எந்தத் தோற்றத்தில் ஆடுவது என்பதில் ஓரளவு தேர்வை நோயாளியிடமே விட்டார்.

2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பார்பரா சகாகியன் குழுவினர் ஐபேடில் ஆடும் 'விசார்ட்' என்ற நினைவு விளையாட்டை நோயாளிகளின் கருத்தையும் கேட்டு உருவாக்கிச் சோதித்தார்கள். 22 பேர், அவர்களில் விளையாடிய பிரிவினர் நான்கு வாரங்களில் 8 மணி நேரம் ஆடினார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று நினைவுகூரும் சோதனையில் இவர்களின் தவறுகள் குறைந்தன. ஆட்டத்தின்மேல் ஆர்வமும் கடைசிவரை குறையவில்லை. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் நோயாளிகளைக் கேட்டுச் செய்தார்கள் என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். ஏனென்றால், இந்த வகைச் செயலிகள் பலவற்றைத் திறந்தால் முப்பது வயது ஆளுக்குப் பொம்மைத் தவளை கைதட்டிச் 'சபாஷ்' என்கிறது. மனநோயாளியைக் குழந்தையாக நடத்துவதற்கு இருக்கிற ஆட்கள் போதாதென்று தவளை வேறு.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் நினைவும் கவனமும் பற்றியவை. மேட்ரிக்ஸ் பட்டியலின் ஏழாவது வரி, பிறர் மனத்தைப் புரிந்துகொள்வது. அதற்குத் திரையைவிட மேசையே பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாயநம்பிக்கைகள் உள்ளவர்களில் பலர் போதிய தகவல் சேர்வதற்குள் முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது மணிச்சோதனை வழியே திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஒரு சாடியில் ஒரு நிற மணி அதிகம், மற்றொன்றில் இன்னொரு நிறம் அதிகம். மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எந்தச் சாடியிலிருந்து எடுக்கிறோம் என்று உறுதியாகத் தெரிந்ததும் சொல்லச் சொன்னால், இவர்களில் கணிசமானோர் ஒன்றிரண்டு மணிகளிலேயே சொல்லிவிடுகிறார்கள். இதைப் பேசித் திருத்த முயன்றால் சண்டைதான் வரும். ஆனால் மனத்தில் ஒரு பொருளை நினைத்துக்கொண்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் இருபது கேள்வி விளையாட்டை ஆடினால், அவசரப்பட்டு ஊகிப்பதால் வரும் நட்டம் கண்முன் தெரிந்துவிடுகிறது. சமூக அறிதிறன் பயிற்சிகளில் இந்த ஆட்டத்தை இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் யாசர் கசால் உருவாக்கிய 'மைக்கேலின் விளையாட்டு' இன்னும் நேரடியானது. அதில் 80 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் மைக்கேல் என்ற கற்பனை மனிதர் ஏதோ ஒன்றைப் பார்த்து ஏதோ ஒரு முடிவுக்கு வருகிறார். குழுவாக உட்கார்ந்தவர்கள் அதற்கு வேறு என்னென்ன விளக்கங்கள் இருக்கக்கூடும் என்று தேடவேண்டும். முதல் சீட்டுகளில் உணர்ச்சிக்கு இடமில்லாத சாதாரண நிகழ்வுகள். போகப்போகத்தான் சந்தேகமும் அச்சமும் கலந்தவை வரும். பிழைபடுவது மைக்கேல் என்பதால் யாருக்கும் முகம் சுருங்குவதில்லை. தன் சந்தேகத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசாத தம்பி, குழுவில் வேறொருவரின் சந்தேகத்துக்கு மாற்று விளக்கம் கொடுத்தான் என்று கேட்டபோது அம்மா நம்பவில்லை.

மூளைப்படக் கருவிக்குள் படுத்துக்கொண்டு ஆடும் விளையாட்டும் வந்திருக்கிறது. பேச்சொலிகளோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாட்டைத் தாமே குறைக்கக் கற்றால் திரையில் உள்ள விண்கலம் இறங்கும். லண்டனில் குரல் கேட்கும் 12 பேரைக் கொண்டு செய்த அந்த ஆய்வு 2018இல் வெளியானது. வீடுகளுக்கு வரக்கூடியது அல்ல என்பதால் இத்துடன் விடுகிறேன்.

வீட்டில் ஆடுவதைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். இரவில் விழித்து ஆடும் இணைய விளையாட்டு வேண்டவே வேண்டாம்; தூக்கம் கெடுவது இந்நோய் மறுபடி தலைதூக்குவதற்கான அறிகுறியாகவும் தூண்டுதலாகவும் இருக்கக்கூடும். அறிமுகமற்றவர்கள் வசைபாடக்கூடிய குழு ஆட்டங்களும், ஒளிந்திருந்து தாக்குபவர்கள் நிறைந்த ஆட்டங்களும் சந்தேகம் இன்னும் முழுவதும் தணியாத ஒருவருக்கு ஏற்றவை அல்ல. பணம் வைத்து ஆடுபவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மதிப்பெண்ணை வீட்டார் கையில் எடுத்துக்கொள்வதும் தீங்குதான். "நேற்று அந்தக் கட்டத்தைத் தாண்டினாயே, இன்று ஏன் முடியவில்லை?" என்று கேட்டுவிட்டால் அதுவரை ஆட்டமாக இருந்தது தேர்வாகிவிடும். இந்நோயில் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது வழக்கம். முதல் நாள் இரவின் தூக்கமே அடுத்த நாள் மதிப்பெண்ணை மாற்றிவிடும். வீட்டில் நாங்கள் கண்ட வழி, அவனைத் தனியே ஆடவிடாமல் எதிரில் ஒருவர் உட்கார்ந்து ஆடுவது. சீட்டோ சதுரங்கமோ எதுவானாலும், தன் முறைக்குக் காத்திருப்பதும், எதிராளி என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பதும், தோற்றால் சமாளிப்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நடுவில் நிறுத்தி "ஏன் இப்படி வைத்தாய்?" என்று கேட்பதை நாங்களும் பழகிக்கொண்டோம். "அக்கா, நீ ஏன் அப்படி வைத்தாய்?" என்று இப்போது அவனும் திருப்பிக் கேட்கிறான், எனக்குப் பல நேரம் பதில் தெரிவதில்லை.

வேலை தேடும் கட்டத்தில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கேட்டறியலாம். சூசன் மெக்கர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வடிவமைத்த திட்டத்தில், கணினிப் பயிற்சியை நடத்துபவரும் வேலை தேடித் தருபவரும் ஒரே குழுவாக இயங்குகிறார்கள். பயிற்சியில் எது தடுமாறுகிறது என்று தெரிந்ததும், அந்தத் தடுமாற்றம் அதிகம் இடிக்காத வேலையைத் தேடுகிறார்கள், அல்லது அதை ஈடுகட்டக் குறிப்பேடு, நினைவூட்டும் மணி போன்ற துணைகளை ஏற்பாடு செய்கிறார்கள். வேலைக்கான உதவி மட்டும் பெற்றவர்களைவிட இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் வேலையில் கூடுதலாக நிலைத்தார்கள். மையத்தில் கணினி அறை ஒரு மாடியிலும் வேலைவாய்ப்பு அலுவலர் வேறொரு மாடியிலுமாக, ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால், இரண்டு பேரையும் ஒரு முறையாவது ஒரே மேசைக்கு அழைத்து உட்காரவையுங்கள்.

பயிற்சி தொடங்குமுன் மருந்துச் சீட்டையும் மருத்துவரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லவேண்டும். மனநோய் மருந்துகளால் வரும் கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் டிரைஹெக்சிபெனிடில் போன்ற மருந்துகளைக் கொடுப்பதுண்டு. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை இவை. வேறு சில மனநோய் மருந்துகளுக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. இப்படிப்பட்ட மருந்துகளின் மொத்தச் சுமை அதிகமாக இருந்தவர்களுக்கு அறிதிறன் பயிற்சியால் கிடைத்த பலன் குறைவாக இருந்தது என்று, நான் முன்பு குறிப்பிட்ட வினோகிராடோவ் குழுவினரே 2009இல் காட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் தேவைப்பட்டுக் கொடுத்த மாத்திரை, தேவை தீர்ந்தபின்னும் பழக்கத்தால் சீட்டில் ஆண்டுக்கணக்காகத் தொடர்வது அரிதல்ல. அதைக் குறைக்கலாமா, எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம் என்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்கவேண்டியவர்கள் நாம்தான். என் தம்பியின் சீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டபின் ஒரு மாத்திரை சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது; பயிற்சியின் இரண்டாம் கட்டம் அதன்பிறகுதான் தொடங்கியது.